ஒன்பதாவது சொல்

ஜனவரி 3, செவ்வாய்

புது நோட்டு. நீல அட்டை, இருநூறு பக்கம். மூன்று கட்டங்களுக்குக் கோடு போட்டாயிற்று: சொல், பொருள், சூழல். குழந்தை என்ன சொன்னது, எதைச் சொன்னது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. குழந்தை மொழியை ஆராய்ந்த பெரிய பெரிய உளவியலாளர்கள் பலர் சொந்தக் குழந்தையை வைத்து நாட்குறிப்பு எழுதித்தான் பேர் வாங்கினார்கள். அவர்களுக்கு வீட்டில் இருக்க நேரம் இருந்தது என்பதைத் தவிர எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆய்வுக்குரியவர்: என் மகள் கோமதி என்கிற கோமு. வயது பதினான்கு மாதம். பற்கள் ஆறு. ஆய்வாளர்: இசக்கியப்பன், உளவியல் உதவிப் பேராசிரியர். வீடு பாளையங்கோட்டையில். கல்லூரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல்காட்டில். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழாவது வருடம் நடக்கிறது. இன்னும் ஒரு வருடத்தில் முடிக்காவிட்டால் பதிவு காலாவதி. இந்த விஷயத்தில் பால் பாக்கெட்டுக்கும் எனக்கும் ஒரே சட்டம்.

கல்லூரியில் என் முழுப் பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. அறுநூறு மாணவர்களும் பிரின்சிபாலும் வாட்ச்மேனும் ‘அப்பன் சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் அப்படிக் கூப்பிட வேண்டியவர் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்கும் அன்று நோட்டும் பேனாவும் தயாராக இருக்க வேண்டும்.

என் கருதுகோள் இது: சொல் வந்த பிறகுதான் எண்ணம் உருவம் பெறுகிறது. சொல் இல்லாத குழந்தைக்குள் இருப்பது பசி, தூக்கம், அழுகை, அவ்வளவுதான். இதை என் மனைவி சண்முகவடிவிடம் விளக்கினேன்.

“பேசாதவங்களுக்கு நெனப்பே இருக்காதுன்னா சொல்லுதிய?” என்று கேட்டாள்.

“ஆமா.”

ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அன்று முழுவதும் பேசவில்லை. என்ன நினைத்தாளோ தெரியாது. கருதுகோளின்படி எதுவும் நினைத்திருக்க முடியாது.

ஜனவரி 9

எட்டுச் சொற்கள் சேர்ந்துவிட்டன. சேர்த்தது நான் அல்ல. கல்லூரிப் பேருந்துக்கு நான்தான் பொறுப்பாளர் என்பதால் காலை ஆறு ஐம்பதுக்கு பைக்கை எடுத்துவிட வேண்டும். நான் திரும்பும்போது கோமு தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநிலைக் கல்வி வகுப்பு. ஆகவே தரவு சேகரிப்பை இரண்டு பேரிடம் ஒப்படைத்திருக்கிறேன். ஒருவர் வடிவு. ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறாள். இன்னொருவர் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அக்கா. வடிவு வேலைக்குப் போனதும் கோமு அக்கா வீட்டில்தான் இருப்பாள்.

அம்மா: அம்மாதான். மம்மு: சோறு. தா: எதுவானாலும். ஜோஜோ: தூக்கம், தலையணை. ம்பா: மாடு, எதிர் வீட்டு புல்லட். காக்கா: காக்கை, விமானம், ஃபேன், மாடியில் காயும் கறுப்புக் குடை. ச்சூ: வெந்நீர், இட்லிக் கொப்பரை, கோபமாக இருக்கும் வடிவு. கடைசியாக, ப்பா: போன். எங்கள் போன், அக்கா போன், டி.வி. ரிமோட், சில சமயம் சோப்பு டப்பா. காதில் வைத்துக்கொண்டு “ப்பா, ப்பா” என்கிறாளாம்.

இந்த எட்டாவதற்கு நேராக ‘பொருளற்ற மழலை ஒலி’ என்று எழுதினேன். உதடு ஒட்டிப் பிரிந்தால் ‘ப்பா’ வந்துவிடும். எல்லாக் குழந்தைக்கும் வரும். சாதாரணத் தகப்பன்கள் இதற்கெல்லாம் மயங்கி ஊருக்கே மிட்டாய் கொடுப்பார்கள். ஆய்வாளன் மயங்கக் கூடாது.

ஜனவரி 21, சனி

ஒன்பதாவது சொல். கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: டாடா.

என்னைப் பார்த்துச் சொன்னாள். காக்காயைப் பார்த்து அல்ல, ரிமோட்டைப் பார்த்து அல்ல, நேராக என் முகத்தைப் பார்த்து. எத்தனையோ நாட்டுக் குழந்தைகள் தகப்பனைக் கூப்பிடுவது இந்த ஒலிக் குடும்பத்தில்தான். ஆங்கிலேயக் குழந்தை வாயில் வருகிற அதே சொல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பாளையங்கோட்டையில், ஆறே பற்களோடு! நடுவில் உள்ள ‘ட்’டை நன்றாக அழுத்துகிறாள். கவனமில்லாதவர் காதுக்கு ‘டாட்டா’ என்றே விழும். உணர்ச்சி மிகும்போது மெய் இரட்டிக்கும் என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டேன்.

பொருள்: தகப்பன். சூழல்: காலை 6.50. வாசல் கேட். நான் ஹெல்மெட் மாட்டி பைக்கில் உட்கார்ந்திருந்தேன். புஷ்பம் அக்கா இடுப்பில் குழந்தை. கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள் (மகிழ்ச்சி).

அக்கா, “தம்பி, அது வந்து...” என்று ஏதோ ஆரம்பித்தாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 4

இரண்டு வாரத்தில் பதினோரு முறை ‘டாடா’. பதினொன்றும் காலை 6.50க்கும் 6.55க்கும் இடையில். என் மகளிடம் நேரந்தவறாமை இருக்கிறது. வடிவு வழியில் வந்திருக்க வாய்ப்பில்லை.

பிப்ரவரி 11

வடிவுக்கு அரசு வேலை உத்தரவு வந்துவிட்டது. இளநிலை உதவியாளர், ராமநாதபுரம். மூன்று வருடம் விழுந்து விழுந்து படித்தாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மே முதல் வாரம் சேர வேண்டும்.

“கோமுவ நான் கூட்டிட்டுப் போயிருவேன். நீங்களும் வாங்களேன். ஒரு வருசம் லீவு போட்டு அங்க உக்காந்து அந்த ஆராய்ச்சிய முடிங்க. அவளும் உங்க மொகத்தப் பாத்த மாதிரி இருக்கும்லா” என்றாள்.

“பார்ப்போம்” என்றேன்.

அவள் சிரித்தாள். “நீங்க கோமு சொல்லுத வார்த்தைக்குத்தான் அகராதி எழுதுதிய. நான் கல்யாணமான நாள்லேருந்து உங்க வார்த்தைக்கு எழுதிட்டு இருக்கேன். ‘பாப்போம்’னா மாட்டேன். ‘இதோ’ன்னா ஒரு மணி நேரம். ‘வந்துகிட்டே இருக்கேன்’னா இன்னும் காலேஜ விட்டே கெளம்பல.”

பொருளைச் சூழலிலிருந்து ஊகிக்கும் திறன் வடிவிடம் இருக்கிறது. முறையான பயிற்சிதான் இல்லை.

பிப்ரவரி 18, சனி

மதுரையில் கருத்தரங்கம். நாற்பது பேர் உட்காரும் அறையில் இருபத்திரண்டு பேர். சாப்பாட்டு டோக்கன் வாங்க வந்தவர்களைக் கழித்தால் ஒன்பது. என் கட்டுரையின் உச்சமே ஒன்பதாவது சொல்தான். ‘தகப்பன் என்ற கருத்தாக்கம் ஒரு சொல்லால் பிறக்கும் தருணம்’ என்று திரையில் போட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். முதலாமாண்டு ஆய்வு மாணவி. “சார், எங்க வீட்டுல டாட்டான்னா வேற சார்” என்றார். அறை முழுக்கச் சிரிப்பு.

“அது உங்கள் பக்கத்து வட்டார வழக்காக இருக்கலாம்” என்று பதில் சொன்னேன். கை தட்டினார்கள். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார். இந்தக் காலத்து மாணவர்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை.

மார்ச் 6

என் நெறியாளர் எஸ்தர் ஞானமணி மேடத்திடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். சூழல் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுவந்தார்.

“எல்லா எடத்துலயும் வாசல் கேட், ஹெல்மெட், ஆறு அம்பது. நீங்க வீட்டுல சும்மா இருக்கும்போது டாடான்னு சொன்னாளா?”

“அப்படி ஒரு சந்தர்ப்பம் அமையல மேடம்.”

“ரெண்டு மாசமாவா?”

“வேலைப் பளு மேடம்.”

“இசக்கியப்பன், குழந்தை ஒரு சொல்லக் கத்துக்கும்போது முன்னால இருக்கிற ஆள மட்டும் பாக்காது. என்ன நடக்குதுன்னும் பாக்கும். ஒரு நாள் முழுக்க வீட்டுல இருந்து பாருங்க. எங்கயும் போகாம. அதுதான் உங்க ஒப்பீட்டுச் சோதனை.”

நியாயமான யோசனை. ஒப்பீட்டுச் சோதனைக்குத் தேதி பார்க்க வேண்டும். மார்ச்சில் தர ஆய்வுக் குழு வருகிறது, அதற்காகக் கல்லூரியில் இல்லாத நூலகத்துக்கு நான்தான் கோப்பு தயாரிக்கிறேன். ஏப்ரலில் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராகப் போக வேண்டும்.

ஏப்ரல் 5

கழுகுமலை. பிளஸ் டூ பரீட்சை முடிந்த பையன்களின் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஆளுக்குப் பத்து மாணவர்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று மேலிட உத்தரவு. உளவியல் படித்தவன் என்பதால் எனக்குப் பதினைந்து. ஆள் மனதை மாற்றுவேனாம்.

ஏப்ரல் 12

கோமுவுக்குக் காய்ச்சல். நான் விளாத்திகுளத்தில்.

ஏப்ரல் 13

காய்ச்சல் இறங்கிவிட்டதாக போனில் வடிவு சொன்னாள். பின்னணியில் “ப்பா, ப்பா” என்று சத்தம். போனைக் கேட்டு அழுகிறாள் போலிருக்கிறது. குழந்தைகளிடம் போன் கொடுத்துப் பழக்கக் கூடாது என்று வடிவுக்கு ஐந்து நிமிடம் எடுத்துச் சொன்னேன். “சரி” என்றாள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

ஒப்பீட்டுச் சோதனை. கையேடு அச்சாகி வராததால் தொலைநிலை வகுப்பு ரத்து. நான்கு மாதத்தில் முதல் முழு விடுமுறை.

காலை ஏழேகால். கைலியோடு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் நோட்டு. கோமு எழுந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வெயிலில் நிலாவைப் பார்த்தவள் போல முகம். பிறகு “டாட்டா” என்றாள். நான் பேனாவைத் திறந்தேன்.

அவள் நேராக ஷூ வைக்கும் தட்டுக்குப் போனாள். கீழ்த்தட்டில் என் ஹெல்மெட். இரண்டு கையாலும் இழுத்தாள். தூக்க முடியவில்லை. தரையோடு உருட்டிக்கொண்டே வந்து என் காலடியில் நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “டாட்டா. டாட்டா.”

நான் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் புரியவில்லை. ஹெல்மெட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள். வேலையை ஒழுங்காகச் செய்யாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சொல்: டாட்டா. பொருள் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

சமையலறை வாசலில் வடிவு கரண்டியோடு நின்றிருந்தாள்.

“உனக்கு இது தெரியுமா?” என்று கேட்டேன்.

“ஜனவரியிலயே தெரியும். தெனமும் காலைல ‘அப்பாக்கு டாட்டா காட்டுட்டி’ன்னு அக்காதான் பழக்குவா. புள்ள உங்கள அந்த ஒரு நேரந்தான் பாக்குது. அவளுக்கு நீங்கதான் டாட்டா. உங்க பேரே அதான்னு நெனச்சுகிட்டா.”

“ஏன் சொல்லல?”

“அன்னைக்கு நீங்க நோட்டுல எழுதும்போது உங்க மொகத்தப் பாத்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி ஒரு சந்தோசம் இல்ல. அதுக்குமேல எப்படிச் சொல்ல?”

“அப்ப, ப்பா?”

“என்ன ப்பா?”

“போனைப் பாத்துச் சொல்லுதாளே.”

வடிவு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “தெனம் சாயங்காலம் நீங்க போன் பண்ணுவிய. ‘வந்துகிட்டே இருக்கேன்’னு சொல்ல. நான் போன அவ காதுல வச்சு ‘அப்பா பாரு, அப்பா’ம்பேன். அவளுக்கு அப்பான்னா அந்தப் பொட்டிதான்.”

ஆகப் பொருளற்ற மழலை ஒலி என்று நான் ஒதுக்கிய எட்டாவது சொல்தான் நான். தகப்பன் என்று கொண்டாடிய ஒன்பதாவது சொல் என் முதுகு. சோப்பு டப்பாகூட என் இடத்தில் இருந்திருக்கிறது. வலித்தது. இதற்குக் கலைச்சொல் தேடினேன், இல்லை.

ஏப்ரல் 24

6.50. கேட். “டாட்டா” என்றாள். கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன். இன்று வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் என்ன செய்தேன் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

சொல் முதலா, எண்ணம் முதலா என்ற கேள்விக்கு ஒரு சிறு தரவு. என் விஷயத்தில் சொல் ஜனவரியில் வந்தது. எண்ணம் வர ஏப்ரல் ஆயிற்று. பேசாதவர்களுக்கும் நினைப்பு உண்டு என்பதற்கோ வீட்டிலேயே இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று ஹெல்மெட்டை உருட்டியது. இன்னொன்று மூன்று மாதம் கரண்டியோடு நின்றது.

மே 3, புதன்

ராமநாதபுரம் பேருந்தில் ஏற்றிவிட்டேன். வடிவு ஜன்னலோரம், மடியில் கோமு. “நீங்க...” என்று வடிவு ஆரம்பித்தாள். நான் முந்திக்கொண்டு “பார்ப்போம்” என்றேன். அவள் அகராதியைப் புரட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பேருந்து நகர்ந்தது. கையை ஆட்டினேன். கோமு திருப்பி ஆட்டவில்லை. ‘டாட்டா’வும் சொல்லவில்லை. நான் போகாமல் நிற்கிறேன், அவள் போகிறாள். அவளுக்குத் தெரிந்த பதினேழு சொற்களில் அதற்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததிலும் இல்லை.

மே 19

தினமும் போன் செய்கிறேன். “ப்பா” என்கிறாள். என்னையா, போனையா? கல்லூரியில் ஒரு நாளைக்கு நூறு பேர் ‘அப்பன் சார்’ என்கிறார்கள். அவர்கள் யாரைச் சொல்கிறார்கள் என்பதில் சந்தேகமே வருவதில்லை. வேலை சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள்.

வீட்டில் பேச ஆள் இல்லை. நேற்று ஃபேனைப் பார்த்து “காக்கா” என்றேன்.

ஜூன் 8

பிரின்சிபாலிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்தேன். ஒரு வருடம், சம்பளம் இல்லாமல்.

“அப்பன் சார், அட்மிஷன் நேரத்துல போய் லீவு கேக்கிய? காரணம்னு ‘கள ஆய்வு’ன்னு போட்டிருக்கு. எந்தக் களம்?”

“ராமநாதபுரத்துல ஒரு வாடகை வீடு சார்.”

“திரும்பி வரும்போது வேலை இருக்குமான்னு நான் உறுதி சொல்ல முடியாது.”

“பார்ப்போம் சார்” என்றேன். அந்தச் சொல்லை வேறு பொருளில் பயன்படுத்தியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 11, ஞாயிறு

ராமநாதபுரம். வடிவிடம் சொல்லாமல் வந்தேன். கதவைத் திறந்தவள் பெட்டியைப் பார்த்தாள், பிறகு இரண்டாவது பெட்டியைப் பார்த்தாள், வழி விட்டாள்.

கோமு அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். “டாட்டா” என்றாள். நல்லவேளை, ஆள் அடையாளம் மறக்கவில்லை. ஹெல்மெட்டைப் பாளையங்கோட்டையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அவள் அசரவில்லை. நான் வாசலில் கழற்றிய செருப்பை ஒவ்வொன்றாக எடுத்துவந்து என் காலுக்கு நேராக வைத்தாள்.

எடுத்துக்கொண்டுபோய் வாசலில் வைத்தேன். திரும்பக் கொண்டுவந்தாள்.

ஜூன் 12

செருப்பு: பதினான்கு முறை. ஆய்வுக்குரியவர் விடாப்பிடியானவர்.

ஜூன் 14

ஒன்பது முறை. மதியம் தூங்கி எழுந்து ஓடிவந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனாள். வடிவு அலுவலகத்திலிருந்து வந்து, “என்ன, ஆராய்ச்சி எந்த மட்டுக்கு இருக்கு?” என்றாள். உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். “கருதுகோள் அடிவாங்கிருச்சி” என்றேன். “நல்லா அடி வாங்கட்டும். இன்னும் கொஞ்சம் சின்னதா நறுக்குங்க” என்றாள்.

ஜூன் 17

நான்கு முறை. ஒருமுறை செருப்பைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஒரு எறும்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜூன் 19

எஸ்தர் மேடம் போன் செய்தார். மதுரைக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கடிதம் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பின்வரிசைப் பெண்ணின் முகவரி தேடிக்கொண்டிருப்பதையும் சொன்னேன். ஒரு மன்னிப்பும், அடிக்குறிப்பில் ஒரு நன்றியும் பாக்கி இருக்கிறது. “அப்ப ஆய்வு?” என்றார். “இப்பத்தான் மேடம் தொடங்கியிருக்கு” என்றேன்.

ஜூன் 22, வியாழன்

இது நேற்று நடந்தது.

நேற்றுச் சாயங்காலம் கூடத்தில் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கோமு வாசலுக்குப் போனாள். ஒற்றைச் செருப்போடு வந்தாள். நான்கு நாளாக எண்ணுவதை நிறுத்தியிருந்தேன். என் முன்னால் வந்து நின்றாள். செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி செருப்பைப் பார்த்தாள். சொல் இல்லாத இடத்தில் எண்ணம் ஓடுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

செருப்பைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

நான் காலை நீட்டி உட்கார வசதியாகச் சற்று நிமிர்ந்தேன். எழுந்திருக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

“டாட்டா, உக்கா” என்றாள்.

இரண்டு சொற்கள், ஒரு வாக்கியம். பத்தொன்பது மாதக் குழந்தையின் முதல் வாக்கியம். தனிச்சொல்லிலிருந்து தொடருக்குத் தாவும் அந்த நொடிக்காக ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். நீல நோட்டு உள்ளறை அலமாரியில் இருந்தது. நடந்தால் பத்து அடி.

எடுக்க வேண்டுமானால் எழுந்திருக்க வேண்டும். அதனால்தான் நேற்றைய தேதியில் ஒன்றும் எழுதவில்லை.